சேறும் பனியும்: சங்கிலி வண்டிகளின் பொது எதிரி



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று சங்கத்து அண்ணன் கேட்டபோது, "பனியில் ஓடும் செயின் வண்டிகளில் ஈரப்பனி அடைத்துக் கொள்வதைப் பற்றி" என்றேன். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. "வண்டலூர்ல மார்கழி மாசமே ஃபேன் போட்டுத் தூங்குறோம். இங்க ஏதுடா பனி?" என்று ஒரு நண்பன் கேட்டான்.

நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்ப் பெயரிலேயே வண்டல் இருக்கிறதே! பனிப்பிரதேசத்து வண்டிக்கு ஈரப்பனி என்ன செய்கிறதோ, அதையேதான் நம் ஊர் நெல் அறுக்கும் பெல்ட் மிஷினுக்கும், ஏரி தூர்வாரும் ஹிட்டாச்சிக்கும் ஈரக் களிமண் செய்கிறது. நோய் ஒன்று, மருந்தும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் தனித்தனியாகப் படித்த சில விஷயங்கள் இங்கே ஒன்று சேர்வதைப் பார்க்கலாம்.

சங்கிலிப் பட்டை எதற்கு?

முதலில் அடிப்படை. அழுத்தம் என்பது எடையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. ஒரு நெல் அறுவடை பெல்ட் மிஷின் சுமார் 3000 கிலோ எடை என்று வைத்துக் கொள்வோம். ரப்பர் பட்டை ஒவ்வொன்றும் 40 செ.மீ. அகலம், தரையில் படும் நீளம் 150 செ.மீ. இரண்டு பட்டைக்கும் சேர்த்து 12,000 சதுர செ.மீ. வகுத்தால் ஒரு சதுர செ.மீட்டருக்கு 0.25 கிலோ.

இப்போது 60 கிலோ எடையுள்ள நம்மை எடுத்துக் கொள்வோம். ஒரு பாதம் சுமார் 150 சதுர செ.மீ. நடக்கும்போது ஒரு காலில்தான் முழு எடையும் வரும். ஆக 0.4 கிலோ. அதாவது மூன்று டன் மிஷின் சேற்றை அழுத்துவதைவிட நாம் அதிகமாக அழுத்துகிறோம்! டயர் வண்டிக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் அடைத்த காற்றின் அழுத்தம். டிராக்டர் டயரில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ காற்று இருக்கும். அதனால்தான் டயர் மிஷின் இறங்க முடியாத வயலில் பெல்ட் மிஷின் இறங்குகிறது.

நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கும் மேல். அதன் தரை அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு ஏறக்குறைய 0.85 கிலோதான். பனியில் ஓடும் வண்டிகளுக்கு இது 0.1 கிலோகூட வராது. பஞ்சு போன்ற பனியில் முங்காமல் போக அவ்வளவு அகலமான பட்டை போடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரே ஒரு பலவீனம் உண்டு. சக்கரம் திறந்த வெளியில் சுற்றுகிறது. ஒட்டியது தானே விழுந்துவிடும். சங்கிலிப் பட்டையோ தனக்குள் ஒரு கூண்டை வைத்துக் கொண்டு சுற்றுகிறது. முன்னால் ஐட்லர், பின்னால் அல்லது மேலே ஸ்பிராக்கெட், கீழே வரிசையாக ரோலர்கள், நடுவில் ஃபிரேம். உள்ளே போன சேறோ பனியோ வெளியே வர வழி தேட வேண்டும். வழி இல்லையென்றால் அங்கேயே தங்கி, அடுத்த சுற்றில் வருவதையும் சேர்த்துக் கொண்டு இறுகிவிடும்.

ஏன் ஒட்டுகிறது?

கேண்டீனில் பரோட்டா மாவு பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் மாவு கையில் ஒட்டாது, உதறினால் போய்விடும். தண்ணீர் நிறைய ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறதே, அப்போதுதான் விரலை விட்டுப் போகவே போகாது. சேற்றுக்கும் பனிக்கும் இதே கதைதான்.

சிவில் பிரிவு நண்பர்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் அட்டர்பர்க் எல்லைகளைப் படித்திருப்பார்கள். பிளாஸ்டிக் லிமிட், லிக்விட் லிமிட் என்று இரண்டு. ஈரம் முதல் எல்லைக்குக் கீழே இருந்தால் களிமண் உதிரும். இரண்டாவது எல்லைக்கு மேலே போனால் கூழாக ஓடும். இரண்டுக்கும் நடுவில்தான் பிசைய வரும், ஒட்டவும் செய்யும். களிமண் துகள்கள் மிக மெல்லிய தகடு போன்றவை. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதே படலம் இரும்பையும் பிடித்துக் கொள்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிரித்துப் பாருங்கள், புரியும்.

பனிக்கு வருவோம். ரொம்பக் குளிர்ந்த இடத்தில் பனி உலர்ந்த பொடியாக இருக்கும். உருண்டை பிடித்தால் நிற்காது. வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கு அருகில் வரும்போது துகள்களின் மேல் லேசாக உருகி நீர்ப்படலம் வந்துவிடும். பனி ஆராய்ச்சியாளர்கள் இதை வகை பிரித்திருக்கிறார்கள். கன அளவில் 3 சதவீதம் வரை நீர் இருந்தால் ஈரப்பதமான பனி. 3 முதல் 8 வரை ஈரப்பனி. 8 முதல் 15 வரை மிக ஈரமான பனி. அதற்கு மேல் கஞ்சி. இங்கேயும் நடுப் பதம்தான் வில்லன்!

திருவிழாவில் ஐஸைச் சீவி, குச்சியைச் சுற்றி அமுக்கி, மேலே கலர் ஊற்றிக் கொடுப்பார்களே, அது ஏன் குச்சியில் நிற்கிறது? வெளியே இருக்கும் சூட்டில் சீவல்கள் லேசாக உருகியிருக்கின்றன. அமுக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. பனி வண்டியின் ரோலர் பனியை அமுக்குவதும் இதே வேலைதான்.

ஆனால் பனிக்குச் சேற்றைவிட ஒரு கெட்ட குணம் அதிகம். சேறு காய்வதற்கு வெயில் வேண்டும், நேரம் வேண்டும். ஈரப்பனி உறைவதற்கு வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தினாலே போதும். ஓடும்போது உராய்விலும் இன்ஜின் சூட்டிலும் உருகிய நீர், நிறுத்தியதும் குளிர்ந்த இரும்பின் மேல் கட்டியாகிவிடும். அதை மறுபடி உருக்குவது லேசல்ல. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தில் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சுடவைத்துவிடலாம்.

ஒட்டினால் என்ன ஆகும்?

"கொஞ்சம் சேறுதானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று நினைக்கக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கணக்கு: இழுவிசை. ஐட்லரையும் ஸ்பிராக்கெட்டையும் சுற்றிப் போகும் பட்டை, இரண்டு கப்பிகளைச் சுற்றிய பெல்ட் போலத்தான். ஒவ்வொன்றின் மேலும் 10 மி.மீ. கனத்துக்குச் சேறு இறுகினால், ஒவ்வொரு ஆரமும் 10 மி.மீ. கூடுகிறது. அரைவட்டம் அரைவட்டமாக இரண்டு பக்கமும் சேர்த்தால் பட்டைக்குத் தேவைப்படும் கூடுதல் நீளம் 3.14 x 20, அதாவது சுமார் 63 மி.மீ. பட்டை நீளாது. எனவே ஐட்லர் 31 மி.மீ. உள்ளே தள்ளப்பட வேண்டும். ஸ்பிரிங்கில் அவ்வளவு இடம் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் பட்டை வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். பேரிங், ஷாஃப்ட், சீல் எல்லாவற்றின் மேலும் அந்தப் பாரம் ஏறும்.

இரண்டாவது கணக்கு: பல் பொருத்தம். 90 மி.மீ. பிட்ச், 10 பல் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 900 மி.மீ. பல்லின் அடியில் 10 மி.மீ. சேறு அடைத்தால் சுற்றளவு 963 ஆகிவிடும். அந்தச் சுற்றளவில் 10.7 கண்ணிகள் உட்காரும், பல்லோ பத்துதான். கண்ணி பல்லின் பள்ளத்தில் உட்காமல் நுனியில் ஏறி 'டக் டக்'கென்று தாண்டும். திரும்பும்போது பட்டையே கழன்று போவது இப்படித்தான்.

மூன்றாவது: எடை. இறுகிய ஈரச் சேறு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1800 கிலோ. ஒரு பக்கப் பட்டைக்குள் 0.1 கன மீட்டர் சேர்ந்தால் 180 கிலோ. இரண்டு பக்கமும் 360. ஆறு பேரைச் சும்மா ஏற்றிக் கொண்டு அறுப்பது போல. டீசல் யார் காசு?

நான்காவது: பிடிமானம். பட்டையின் வெளிப்பக்கக் கட்டைகளுக்கு நடுவில் சேறோ பனியோ நிரம்பிவிட்டால் பட்டை வழுவழுப்பாகிவிடும். தேய்ந்த செருப்போடு பாசி பிடித்த படிக்கட்டில் இறங்குவது போல வழுக்கும்.

ஐந்தாவது: சுற்றாத ரோலர். சேறு காய்ந்து ரோலரைப் பிடித்துக் கொண்டால் பட்டை அதன் மேல் தேய்த்துக் கொண்டு ஓடும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும். பிறகு அது ரோலரே அல்ல.

போர்க்களத்தில் இதே பாடம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் டைகர், பேந்தர் டாங்கிகளில் சக்கரங்களை ஒன்றுக்கொன்று இடையில் நுழையும்படி அடுக்கி வைத்தார்கள். எடை சீராகப் பரவியது, ஓட்டம் மென்மையாக இருந்தது. காகிதத்தில் அற்புதமான டிசைன். ஆனால் ரஷ்யாவின் சேறும் பனியும் அந்த இடுக்குகளில் நுழைந்து, இராத்திரியில் உறைந்து, காலையில் சக்கரம் அசையாமல் நின்றது. உள் சக்கரம் ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் வெளிச் சக்கரங்களையெல்லாம் கழற்ற வேண்டும். எதிரில் நின்ற ரஷ்யாவின் டி-34 டாங்கியில் எளிமையான பெரிய சக்கரங்கள், அகலமான பட்டை. போருக்குப் பின் வந்த டாங்கிகள் அந்த எளிய வழியைத்தான் பெரும்பாலும் பின்பற்றின. இடுக்கைக் குறைப்பதும் ஒரு டிசைன்தான் என்பது இதில் தெரிகிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் அருகே அசல் உத்தர் என்ற இடத்தில் நடந்த சண்டையில், நம் படையினர் வாய்க்கால்களை உடைத்துக் கரும்பு வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட பேட்டன் டாங்கிகள் பல அந்தச் சேற்றில் மாட்டிக் கொண்டன. சேறும் ஓர் ஆயுதம்!

1948 நவம்பர் 1-ஆம் தேதி காஷ்மீரில் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கும் சோஜி லா கணவாயில் நம் இராணுவம் ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றியது. அவ்வளவு உயரத்தில், பனிக்காலத்தில் டாங்கி வரும் என்று எதிரி எதிர்பார்க்கவே இல்லை. அந்த மலைப்பாதையை டாங்கி போகும்படி அமைத்துக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். பனியில் வண்டி ஓடுவதற்கு வண்டி மட்டும் போதாது. அதற்கு முன்னால் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கும் கைகள் வேண்டும் என்பதற்கு நம் தென்னாட்டவரே சாட்சி.

அண்டார்டிகாவில் நம் வண்டிகள்

இந்தியா 1981-82-ல் அண்டார்டிகாவுக்கு முதல் ஆராய்ச்சிக் குழுவை அனுப்பியது. 1983-84-ல் அமைத்த தட்சிண கங்கோத்ரி நிலையம் பின்னர் பனியில் புதைந்தே போனது. 1989-ல் மைத்ரி, 2012-ல் பாரதி என்று புதிய நிலையங்கள் வந்தன. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இவற்றை நடத்துகிறது.

மைத்ரி கடலோரத்தில் இல்லை. கப்பல் நிற்கும் பனித்தட்டின் விளிம்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. எண்ணெயும் சாப்பாடும் உதிரிப் பாகமும் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி, பிஸ்டன்புல்லி எனப்படும் ஜெர்மன் வண்டிகளால் வரிசையாக இழுத்துச் செல்கிறார்கள். ரப்பர் பெல்ட்டின் குறுக்கே வரிசையாக உலோகக் கட்டைகள் பூட்டிய அகலமான பட்டைதான் அதன் கால்.

உறைந்த கண்டத்தில் ஈரப்பனி எப்படி என்று கேட்கலாம். கப்பல் போவது அங்கே கோடைகாலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது வெயில் நேரத்தில் கடலோரப் பனியின் மேல்பரப்பு இளகும். கறுப்பு ரப்பரும் இரும்பும் சூட்டை வாங்கி வைத்துக் கொண்டு, தொட்ட பனியை உருக்கும். அதனால் பனியில் வண்டி ஓட்டுபவர்கள் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்: வெயில் தாழ்ந்து மேல்பரப்பு இறுகிய நேரம் நல்ல நேரம். விஞ்ஞானிகளோடு வண்டி மெக்கானிக்குகளும் அந்தக் குழுக்களில் போகிறார்கள் என்பது நமக்கு உற்சாகமான செய்தி. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தின் எல்லை வரை வேலை இருக்கிறது!

நம் வயலில்

இனி நம் வீட்டு விஷயம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, மதுராந்தகம் பக்கம் பெல்ட் மிஷின் ஓட்டுகிறார். பொங்கல் லீவில் சம்பா அறுப்பு மும்முரமாக இருக்கும்போது நானும் அவரோடு ஹெல்பராகப் போவேன். ஃபீஸ் கட்டியதில் அந்தக் கூலிக்கும் பங்கு உண்டு.

கதிர் முற்றி நிற்கும்போது மழை வந்தால் விவசாயிக்கு வயிறு எரியும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் டெல்டா மாவட்டங்களில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து போனதைச் செய்திகளில் பார்த்தோம். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். டயர் மிஷின் இறங்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் பெல்ட் மிஷினைத் தேடுவார்கள். மணி வாடகையும் டயர் மிஷினைவிட அதிகம். அந்த நேரத்தில் பட்டையில் சேறு அடைத்து மிஷின் நின்றால், வரப்பில் நிற்கும் விவசாயி கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையின் அவசரம் புரியும்.

மாமாவின் வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கின்றன. அவர் ஹெல்பராக இருந்த காலத்தில், மழை விட்ட மறுநாள், ஸ்பிராக்கெட் பக்கம் அடைத்த சேற்றைக் கையால் தோண்டிக் கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக் கொண்டிருந்தது. "ஆஃப் பண்ணா பேட்டரி மறுபடி இழுக்காது, அப்படியே எடு" என்று மேலே இருந்தவர் சொல்லியிருக்கிறார். பட்டை ஒரு அடி நகர்ந்தது, அவ்வளவுதான். இன்றும் மாமா அதைச் சாதாரணமாகச் சொல்லுவார். ஒருநாள் என்னிடம், "நீ படிக்கிற படிப்புல இந்தச் சேத்துக்கு ஏதாச்சும் வழி சொல்லியிருக்கா மாப்ள?" என்று கேட்டார். "இருக்கு மாமா, பாத்து சொல்றேன்" என்றேன். தேடிப் படித்ததில் கிடைத்ததைக் கீழே தருகிறேன்.

டிசைனில் என்ன செய்கிறார்கள்?

எல்லா வழிகளையும் மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். உள்ளே வருவதைத் தடு. வந்தால் வெளியே போக வழி வை. போகாவிட்டால் சுரண்டி எடு.

துளை: புல்டோசர், பொக்லைன் போன்றவற்றின் இரும்புப் பட்டைத் தகடுகளில் நடுவே துளை போட்ட வகை உண்டு. ஸ்பிராக்கெட்டின் பல் கண்ணியில் நுழையும்போது அங்கிருக்கும் சேற்றையோ பனியையோ அந்தத் துளை வழியாக வெளியே பிதுக்கிவிடும். இடியாப்ப அச்சு மாதிரி! ஸ்பிராக்கெட்டிலும் பல்லுக்கடியில் பள்ளம் விட்ட வகை உண்டு.

முக்கோணத் தகடு: சதுப்பில் ஓடும் புல்டோசருக்கு, கட்டை வைத்த தகட்டுக்குப் பதிலாக முக்கோண வடிவத் தகடு பூட்டுகிறார்கள். செங்குத்து மூலை இல்லாததால் சேறு பிடித்து நிற்க இடமில்லை. நம் வீட்டுக் கூரை ஏன் சரிவாக இருக்கிறது என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

சரிவான ஃபிரேம்: அதே காரணத்துக்காக ரோலர் ஃபிரேமின் மேல்பக்கத்தைத் தட்டையாக விடாமல் சாய்வாக அமைக்கிறார்கள். மேலே விழுந்தது சரிந்து விழும்.

வளையும் பட்டை: ரப்பர் பட்டை ஐட்லரைச் சுற்றும்போது வளைகிறது, கீழே வந்ததும் நிமிர்கிறது. அந்த வளைவு நிமிர்வில் ஒட்டிய கட்டி வெடித்து உதிரும். பாயை உதறுவது போல.

வேகம்: இங்கே நாம் படித்த மையவிலக்கு விசைக் கணக்கு உதவும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். 15 செ.மீ. ஆரமுள்ள ஐட்லரில் பட்டை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுற்றினால் 6.7 வரும். புவியீர்ப்பு 9.8 என்பதால் இது அதைவிடக் குறைவு, சேறு வீசப்படாது. வேகம் 2 மீட்டர் ஆனால் 26.7, அதாவது நான்கு மடங்கு. அறுவடை மெதுவான வேலை என்பதால்தான் சேறு தங்குகிறது. வேகமாகப் பாயும் பனி ஸ்கூட்டர் உலர்ந்த பனியைத் தூவிக்கொண்டே போவதும் இதனால்தான்.

ஒட்டாத பரப்பு: பனி வண்டிகளில் உராயும் இடங்களில் வழுவழுப்பான உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் கட்டைகளை வைக்கிறார்கள். நீர்ப்படலம் அதைச் சரியாகப் பிடிக்காது. நான்ஸ்டிக் தோசைக்கல் தத்துவம்தான்.

சுரண்டி: ஸ்பிராக்கெட்டுக்கும் ஐட்லருக்கும் அருகில் சிறு இடைவெளி விட்டு நிலையாகப் பூட்டிய தகடு. சுற்றச் சுற்றத் தானே சுரண்டும். எளிதானது, மலிவானது. இடைவெளி அதிகமானால் பயனில்லை, குறைந்தால் உரசும். இதைச் சரியாக வைப்பதுதான் ஃபிட்டர் வேலை.

ஓட்டுபவர் கவனிக்க வேண்டியவை

1. வயலில் தண்ணீரை வடிப்பதுதான் முதல் மருந்து. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வடித்துவிட்டால் மண் உறுதிப்படும். பனிக்காரர்கள் குளிர்ந்த நேரத்தைத் தேடுவதும் நாம் காய்ந்த மண்ணைத் தேடுவதும் ஒன்றே.

2. நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்பாதீர்கள். பட்டை பக்கவாட்டில் மண்ணை வெட்டி உள்ளே அள்ளிப் போடும். பெரிய வட்டமாகத் திருப்ப வேண்டும்.

3. இழுவிசையைச் செட்டில் சுத்தமான நிலையில் அளந்து இறுக்கிவிட்டு வயலுக்குப் போனால், சேறு சேர்ந்ததும் பட்டை விறைத்துவிடும். மேலே போட்ட 63 மி.மீ. கணக்கை நினைவில் வையுங்கள். வேலை செய்யும் நிலையில், சேறோடு இருக்கும்போதே தொய்வைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

4. பொக்லைன் போன்றவற்றில் கையால் தரையை ஊன்றி ஒரு பக்கப் பட்டையைத் தூக்கி, முன்னும் பின்னும் சுற்றவிட்டால் பெரும்பகுதி சேறு உதிரும். அப்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும்.

5. வேலை முடிந்த அன்றே கழுவுங்கள். இன்று தண்ணீர் பீய்ச்சினால் போவது, நாளை உளி கேட்கும். பனிநாட்டில் இது இன்னும் கண்டிப்பு. இரவு நிறுத்துமுன் பனியைத் தட்டிவிட்டு, பட்டை தரையோடு உறையாமல் இருக்க மரப்பலகை மேல் நிறுத்துவார்கள்.

6. சுரண்ட மரக்கட்டையோ நீளமான கைப்பிடி உள்ள கருவியோ நல்லது. கூரான கம்பி சீலைக் கிழிக்கும். சீல் கிழிந்தால் சேறு பேரிங்குக்குள் போகும். பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது.

7. கிரீஸ் அடித்து இறுக்கும் வகைப் பட்டையில், அந்த கிரீஸ் வால்வுக்கு நேர் எதிரில் முகத்தை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் மிக அதிகம். வால்வை மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும். பாய்ந்து வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

8. கடைசியாக, ஆனால் முதலாவதாக நினைக்க வேண்டியது: இன்ஜினை நிறுத்து, சாவியை எடு, எடுத்த சாவியைச் சுத்தம் செய்பவரே சட்டைப் பையில் வைத்துக் கொள்ளட்டும். அதன் பிறகே கை உள்ளே போக வேண்டும். பேட்டரி பலவீனம் என்றால் பேட்டரியை மாற்ற வேண்டும். விரலுக்கு ஸ்பேர் கிடையாது.

முடிவுரை

நண்பர்களே, பெரிய பெரிய கம்பெனிகள் பெரிய பெரிய மிஷின்களுக்கு இந்த வசதிகளையெல்லாம் செய்துவிட்டன. ஆனால் கைமாறிக் கைமாறி நம் ஊர்ப் பக்கம் ஓடும் பழைய பெல்ட் மிஷின்களில் சுரண்டித் தகடு தேய்ந்து போயிருக்கும், அல்லது கழற்றிப் போட்டிருப்பார்கள். அங்கே சுரண்டியின் வேலையை ஒரு ஹெல்பரின் கைதான் செய்கிறது. அந்த ஹெல்பர் நம்மில் ஒருவரின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கிறார்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் பார்த்த மாடலையே மறுபடி பெயின்ட் அடித்து வைப்பதை விட்டு, பழைய பெல்ட் மிஷினில் பூட்டக்கூடிய, இடைவெளியை மாற்றக்கூடிய ஒரு சுரண்டித் தகட்டைச் செய்து பாருங்கள். நீளமான கைப்பிடி உள்ள ஒரு சேறு அள்ளும் கருவியைச் செய்யுங்கள். பட்டை மூடியைத் திறந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும்படி ஒரு சுவிட்ச் வைக்க எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் வரட்டும். எந்த மண் எந்த ஈரத்தில் அதிகம் ஒட்டுகிறது என்று சிவில் நண்பர்கள் அளந்து தரட்டும். மூன்று பிரிவும் சேர்ந்தால் ஒரு நல்ல வேலை முடியும். வெல்டிங் செட்டும் டிரில்லிங் மிஷினும் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கின்றன. வயலும் சேறும் வண்டலூரிலிருந்து பஸ் ஏறினால் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பனியைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. சேறு வருடா வருடம் வரும். அடுத்த சம்பா அறுப்புக்குள் ஒரு தகடாவது பூட்டிவிடுவோம், வாருங்கள்!



– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு